செட்டல் ஆயிடுச்சு சார்

ஜெலுத்தோங் பிளாட்டில் ரொஸ்னாவைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். புருஷன் அப்படிக் கிடக்கும்போதும் கைப்பேசியைக் கீழே வைக்காதவள் என்பார்கள். யாரோ வெள்ளைக்காரனோடு இங்கிலீஷில் எழுதிக்கொண்டே இருக்கிறாளாம் என்று லிஃப்டுக்குள் காதைக் கடிப்பார்கள். அந்த வாயில் கொள்ளியை வைக்க. அவள் எழுதுவது உண்மைதான். யாருக்கு எழுதுகிறாய், எதற்கு எழுதுகிறாய் என்று ஒருத்தராவது நிறுத்திக் கேட்டதுண்டா? கேட்டிருந்தால் இதை இத்தனை நீளத்துக்குச் சொல்ல வேண்டிய வேலையே இல்லை.

ரொஸ்னா பிறந்து வளர்ந்தது ஜெலுத்தோங் இருக்கிற தீவுக்கு எதிர்க்கரையில், பாகான் டாலாமில். வாப்பாவுக்கு மசாலாத்தூள் வியாபாரம். உம்மா கண்டிப்பென்றால் அப்படியொரு கண்டிப்பு. சிறு வயதில் ஒரு கல்யாண வீட்டில் பிரியாணிச் சட்டியோடு ஆள் வந்தபோது ரொஸ்னா தட்டை நீட்டிவிட்டாள். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. "அலையாதடி. போதும்னு சொல்லு. அவங்களா வைப்பாங்க" என்றாள் உம்மா, சிரித்த முகம் கொஞ்சமும் மாறாமல்.

அந்தச் சனத்தின் வழக்கம் அது. தட்டின்மேல் கையைக் குடையாக விரித்துப் போதும் போதும் என்று சொல்ல வேண்டும். பரிமாறுகிறவர், "என்ன போதும்? எலி கொறிச்ச மாதிரி சாப்பிட்டுட்டு!" என்று கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி வைக்க வேண்டும். மறுபடியும் ஒரு போதும், மறுபடியும் ஒரு கரண்டி. வயிறு நிறைந்ததா இல்லையா என்பதைச் சாப்பிடுகிறவரும் போடுகிறவரும் சேர்ந்துதான் முடிவு கட்டுவார்கள். முதல் போதும் என்பதையே நம்பிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்கிறவரைக் கஞ்சப்பிசினாறி என்று ஊர் பேசும். ரொஸ்னா நன்றாகவே கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு உம்மா கிள்ளவே வேண்டியிருக்கவில்லை.

படிப்பு முடிந்து ஜார்ஜ்டவுனில் ராமதாஸ் என்கிற வக்கீலின் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தாள். ராமதாஸ் நல்ல மனுஷன்தான், ஆனால் கோபம் மூக்குநுனியில் உட்கார்ந்திருக்கும். ஒரே விஷயத்தோடு இரண்டாம் முறை அவர் மேசை முன் போய் நின்றால், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "செட்டலா, செட்டல் இல்லையா? அத மட்டும் சொல்லு" என்பார். இல்லை என்று சொன்னவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதை ரொஸ்னா முதல் மாதத்திலேயே பார்த்துவிட்டாள். அதனால், "செட்டல் ஆயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டு வந்து, அப்புறம் தன்னந்தனியாக மாரடித்து அதை முடித்து வைப்பாள். ராமதாஸுக்கு அவளைப்போல ஒரு கெட்டிக்காரி கிடையாது. அவள் பட்ட பாடு அவருக்குத் தெரியாது.

அலாவுதீனை மாப்பிள்ளையாகப் பேசி முடித்தது அந்த ஆபீஸில் இருந்தபோதுதான். அவன் அண்ணன் நாகூர் மீரான் ஜார்ஜ்டவுனில் நாசி கண்டார் கடை, சோறும் குழம்பும் விற்கிற சாப்பாட்டுக் கடை, வைத்திருந்தார். அலாவுதீனுக்கு அங்கே கல்லாவில் வேலை. நிக்காஹ் நாள் குறித்த பிறகு அவன் அவளுக்குப் போன் போட்டான்.

"ஒண்ணு சொல்லணும். எனக்கு சின்ன வயசுலேர்ந்து சுகர். மாத்திரை திங்கிற சுகர் இல்ல. ஊசி போடலன்னா உசுரு நிக்காது. அண்ணன் சொல்லாதேன்னாரு. எனக்கு மனசு கேக்கல. வேணாம்னா இப்பவே சொல்லிடு."

ரொஸ்னா அன்றைக்குத்தான் அவனைக் கட்டிக்கொள்வது என்று உள்ளுக்குள் முடிவு செய்தாள். மறைக்கத் தெரியாதவன் என்று அவள் மனம் குளிர்ந்துபோயிற்று.

பாவம், அவன் மறைக்காதது அவளிடம் மட்டும்தான். கடையில் அவன் ஊசி போட்டுக்கொண்டது அரிசி மூட்டை அடுக்கிய பின்னறையில். "கல்லாவுல ஒக்காந்து ஊசி போடுறத ஒருத்தன் பாத்தான்னு வையி, தொத்து வியாதின்னு ஊரெல்லாம் சொல்லுவான்லா. யாவாரம் போயிடும்" என்று நாகூர் மீரான் சொல்லிவைத்திருந்தார். உறவுக்காரர்களுக்குத் தெரியாது. பிளாட்டில் கீழ்வீட்டு சந்திரிகா ஒருத்திக்கு மட்டும் தெரியும். சாவி ஒன்றை அவளிடம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

அவனுடைய வியாதியில் ஒரு பொல்லாத குணம் உண்டு. சர்க்கரை கூடினால் உடம்பு மெல்ல மெல்லக் கெடும். குறைந்தால் ஒரே போடாகப் போடும். மற்றவர்களுக்குக் குறையும்போது கை நடுங்கும், வியர்க்கும், உடனே இனிப்பை வாயில் போட்டுக்கொள்வார்கள். வருஷக்கணக்காக ஊசி போட்டுப் போட்டு அலாவுதீனுக்கு அந்த நடுக்கமே அற்றுப்போய்விட்டது. சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். தூங்கும்போது குறைந்தால் தூக்கத்தோடு தூக்கமாக உள்ளே போய்விடுவான். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, சாயங்காலக் கடைக்குப் போகும்வரை தூங்குவானே, அந்த நேரம்தான் ரொஸ்னாவின் வயிற்றில் நெருப்பு. அப்போது அவள் ஆபீஸில் இருப்பாள்.

கிளினிக்கில் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனப் பெண்தான் குளுக்கோபெல் என்ற செயலியைக் காட்டினாள். புஜத்தில் வட்டமாக ஒரு சென்சார் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது சர்க்கரை அளவை அலாவுதீனின் கைப்பேசிக்கு அனுப்பும். அங்கிருந்து அந்த எண் ரொஸ்னாவின் கைப்பேசிக்கு வரும். அந்த ஊர்க் கணக்கில் ஐந்து, ஆறு என்றால் நல்ல எண்; நாலுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து, அவள் கைப்பேசி கத்தும். அவனுடையதும் கத்தும்தான், ஆனால் கல்லாவில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அவன் சத்தத்தை அடைத்துவிடுவான். வீட்டுக்கு வந்த பிறகு திறக்க மறந்துபோவான்.

அந்தச் செயலியைச் செய்தது கம்பெனி இல்லை. உலகத்தின் பல மூலைகளில் இருக்கிற நோயாளிகளும், நோயாளிப் பிள்ளைகளைப் பெற்றவர்களும் சேர்ந்து செய்தது. சம்பளம் கிடையாது. அதன் உள்வேலையெல்லாம் எல்லாருக்கும் திறந்தே கிடக்கும். தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்தலாம். கோளாறு என்றால் அவர்களுடைய இணைய மன்றத்தில் எழுதிப் போட வேண்டும். நேரம் கிடைக்கிற யாராவது வந்து பதில் சொல்வார்கள்.

இரண்டு முறை அது அலாவுதீனைக் காப்பாற்றியது. ஆபீஸில் கைப்பேசி அலறியதும் ரொஸ்னா சந்திரிகாவைக் கூப்பிட்டாள். சந்திரிகா ஓடிப்போய்க் கதவைத் திறந்து இனிப்பான சிராப் தண்ணீரை அவன் வாயில் ஊற்றினாள். இரண்டு முறையும் சாயங்காலம் அவன் கடைக்குப் போய்க் கல்லாவில் உட்கார்ந்தான். நாகூர் மீரானுக்குச் சங்கதியே தெரியாது.

அப்புறம் ரொஸ்னாவின் கைப்பேசி தண்ணீரில் விழுந்து செத்தது. விலை குறைவாக ஒன்று வாங்கினாள். பிடித்தது சனியன். புதுக் கைப்பேசியில் எண் வந்தது, ஆனால் சில மணி நேரம் கழிந்ததும் அப்படியே நின்றுவிடும். செயலியைத் திறக்காமலே முகப்புத் திரையில் ஆறு புள்ளி இரண்டு என்று தெரியும். செயலியைத் திறந்து உள்ளே போனால்தான் திடுக்கென்று நாலு புள்ளி ஒன்றுக்குத் தாவும். அதாவது அவள் பார்த்துக்கொண்டிருந்தது எப்போதோ வந்த பழைய எண். பழைய எண்ணுக்கு மணி எப்படி அடிக்கும்?

மன்றத்தில் எழுதினாள். எழுதியதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றும். வக்கீல் ஆபீஸ் இங்கிலீஷ். மதிப்புக்குரிய ஐயா, அம்மா என்று தொடங்கி, இம்மடல் தங்களைப் பூரண நலத்துடன் காணும் என நம்புகிறேன் என்று ஒரு வரி. சர்க்கரை வியாதிக்காரர்கள் கூடுகிற இடத்தில் பூரண நலமாம்! தங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிப்பு ஒரு பத்தி. தொழில்நுட்ப அறிவில்லாமைக்கு மன்னிப்பு இன்னொரு பத்தி. விஷயம் கடைசியில், ஒரே வரியில்: என் தோழியின் கைப்பேசியில் எண் சில சமயம் நகர மாட்டேன் என்கிறது, ஆவன செய்யவும்.

தோழியாம். அலாவுதீனுக்கு வியாதி என்று உலகத்துக்கு முன் எழுத அவளுக்குக் கை வரவில்லை. அதோடு ஒரு படம் போட்டாள். திரையின் மேல்வரியில் அலாவுதீன் பெயர் இருந்தது. அதை அப்படியே வெட்டிவிட்டாள். அந்த மேல்வரியில்தான் பெயரை ஒட்டிச் சின்ன எழுத்தில் இரண்டு சங்கதி இருந்தன: இது சென்சார் ஒட்டியவரின் கைப்பேசியா, தூரத்திலிருந்து பார்க்கிறவரின் கைப்பேசியா என்பது ஒன்று; கடைசி எண் எப்போது வந்தது என்பது இன்னொன்று. உதவ வருகிறவனுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அதைக் கத்தரித்துப் போட்டுவிட்டு மற்றதையெல்லாம் அனுப்பினாள்.

மறுநாள் பதில் வந்தது. எழுதியவன் லாஸ்லோ, ஹங்கேரிக்காரன். அவன் மகனுக்கும் இதே வியாதி. "என்ன கைப்பேசி? செயலியின் எந்தப் பதிப்பு? சென்சார் ஒட்டியவருடையதா, பார்க்கிறவருடையதா? படத்தை வெட்டாமல் போடவும்" என்று நாலே கேள்வி. வணக்கம் இல்லை, நலமா இல்லை. ரொஸ்னாவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"போலீஸ்காரன் கேக்குற மாதிரி கேக்குறான்க்கா" என்று அன்று சாயங்காலம் சந்திரிகாவிடம் கைப்பேசியைக் காட்டினாள்.

சந்திரிகா தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சுற்றி வளைக்கிற பேச்சு அவளுக்கு ஆகாது. "கேட்டா பதில் சொல்லேன். டாக்டர் கேட்டா சொல்ல மாட்டியா?"

"டாக்டர் தெரிஞ்சவருலா. இவன் யாருன்னே தெரியாது. எங்க வீட்டுக்காரங்க பேர எப்படிப் போடுறது?"

கைப்பேசியின் பெயரையும் பதிப்பு எண்ணையும் மட்டும் எழுதினாள். மற்ற இரண்டு கேள்வியைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. லாஸ்லோ என்ன செய்வான்? தோழி என்றால் தோழி தன் கையில் ஒட்டியிருக்கிற சென்சார் என்று நினைத்துக்கொண்டான். சென்சாருக்கும் கைப்பேசிக்கும் இடையே தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்று வரிசையாகச் சொன்னான். இல்லாத வியாதிக்கு வைத்தியம். சொன்னதையெல்லாம் ரொஸ்னா வரி பிசகாமல் செய்தாள். அரை நாள் எண் ஓடியது. பிறகு நின்றது.

கூச்சத்தோடு திரும்பவும் எழுதினாள். இந்த முறை அவன், "மகனுக்குப் பிறந்தநாள், கேக் வெட்டிவிட்டு வந்தேன்" என்று தொடங்கி நீளமாக இன்னொரு வழி எழுதியிருந்தான். அதைப் படித்ததும் ரொஸ்னா கூனிக் குறுகிப் போனாள். பிள்ளையின் பிறந்தநாளும் அதுவுமாக முன்பின் தெரியாத ஒருத்திக்காக உட்கார்ந்திருக்கிறானே, அல்லாவே என்று தன்னையே நொந்துகொண்டாள். அவன் சொன்ன இரண்டாவது வழியையும் செய்தாள். எண் நின்றுதான் போயிற்று. ஐந்து புள்ளி எட்டு என்று பாறாங்கல்லாக நின்றது.

அந்த ஐந்து புள்ளி எட்டைப் பார்த்துக்கொண்டேதான் அவள் எழுதினாள்: செட்டல் ஆயிடுச்சு சார். மிக்க நன்றி. தங்களுக்கு மிகவும் தொந்தரவு கொடுத்துவிட்டேன். இறைவன் தங்கள் மகனுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

எழுதிவிட்டுக் காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள். தட்டின்மேல் கையை விரித்தாயிற்று. விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி வைக்க வேண்டியது அவன் பாடு. நிஜமாகவா, ஒரு நாள் முழுக்கப் பார்த்தீர்களா, இப்போது என்ன எண் காட்டுகிறது என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டால் போதும், இல்லை சார் என்று கொட்டிவிடலாம் என்று இருந்தாள்.

"மகிழ்ச்சி!" என்று லாஸ்லோ எழுதினான். அவளுடைய கேள்விக்கு மேலே பச்சையில் ஒரு குறி விழுந்தது. தீர்ந்தது என்று அர்த்தம். அவ்வளவுதான், சட்டி நகர்ந்துவிட்டது.

"என்னா மனுஷன்க்கா இவன்" என்று பொருமினாள் ரொஸ்னா. "நெசமாவான்னு ஒரு வார்த்த கேக்கல."

"நீதானடி செட்டல்னு எழுதுன?"

"எழுதுனா? அப்படியே உட்டுட்டுப் போயிடுவாங்களா?"

சந்திரிகா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எங்க ஃபேக்டரியில ஓகேன்னு சொன்னா மெஷின ஓட வுட்டுடுவாங்க, ரொஸ்னா. போயி இல்லன்னு எழுது."

"மூணாவது தடவையா? வெக்கமா இருக்குக்கா. அதுவும் சரியாயிடுச்சுன்னு சொன்னதுக்கு அப்புறம்."

எழுதவில்லை. ராமதாஸ் ஆபீஸில் எப்படியோ அப்படியே தானே சமாளிக்கப் பார்த்தாள். வேலைக்கு நடுவே அடிக்கடி செயலியைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்துக்கொள்வாள். திறந்தால் எண் ஓடும். திறக்காவிட்டால் நிற்கும். ஒரு மனுஷி எத்தனை நாள்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பேசிக்குக் காவல் இருப்பாள்?

ராமதாஸோடு கோர்ட்டுக்குப் போன நாளில்தான் அது நடந்தது. கட்டுக்கட்டாகக் காகிதத்தைச் சுமந்துகொண்டு அவர் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கைப்பேசி பைக்குள் இருந்தது. இடையில் ஒருமுறை பையைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஆறு புள்ளி நாலு. தங்கமான எண். அல்ஹம்துலில்லாஹ் என்று பையை மூடினாள். செயலியைத் திறந்து உள்ளே போய்ப் பார்க்க அங்கே தோதில்லை. வழக்கு இழுத்தது. வெளியே வந்து வராந்தாவில் பார்த்தாள். ஆறு புள்ளி நாலு.

அதே எண்.

செயலியைத் திறந்தாள். எண்ணே இல்லை. எண் சொல்ல முடியாத அளவுக்குக் கீழே போனால் அந்தச் செயலி ஒரு சிவப்புக் கோட்டை மட்டும் காட்டும். அந்தக் கோடு திரையின் அடியில் நீளமாக ஓடியிருந்தது. எப்போதோ இறங்கிவிட்டிருக்கிறது. அவள் பைக்குள் ஆறு புள்ளி நாலைப் பார்த்துக் கடவுளுக்கு நன்றி சொன்னபோதே இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அலாவுதீன் போனை எடுக்கவில்லை. சந்திரிகாவுக்கு அன்று பகல் ஷிஃப்ட், வேலையில் இருந்தாள். போனில் கதறலைக் கேட்டதும் மோட்டோ பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள், ஆனால் தூரம். ரொஸ்னா காகிதத்தையெல்லாம் ராமதாஸ் கையில் திணித்துவிட்டு ஓடினாள். "என்னாச்சு? ரொஸ்னா, என்னாச்சு?" என்று அவர் பின்னாலேயே வந்தார். அவர் காரில்தான் போனார்கள். ஜெலுத்தோங் வரும்வரை அவள் வாய் ஓதிக்கொண்டே இருந்தது.

கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தான். தலையணை வியர்வையில் தொப்பலாக நனைந்து, பிறகு காய்ந்துபோயிருந்தது. தரையில் அவன் கைப்பேசி சத்தமில்லாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. மூச்சு இருந்தது. ரொஸ்னா அவன் கன்னத்தில் அறைந்தாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், ஈறில் தேனைத் தேய்த்தாள். ராமதாஸ் கூப்பிட்ட ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ஊசியேற்றினார்கள். எண் ஏறியது. நாலு, ஆறு, எட்டு. எண் ஏறிய பிறகும் அவன் கண் திறக்கவில்லை.

ரொம்ப நாள் கழித்துத்தான் திறந்தான். மூளைக்கு அவ்வளவு நேரம் சர்க்கரை கிடைக்காமல் போனதில் ஒரு பகுதி திரும்பி வரவே வராது என்று டாக்டர் சொன்னார். கையைப் பிடித்து நடத்த வேண்டும். சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. ரொஸ்னாவைப் பார்த்தால் சிரிக்கிறான். யார் இது என்று கேட்டால் உம்மா என்கிறான். ஊசியை மறைத்து மறைத்து வைத்துப் போட்டுக்கொண்ட மனுஷனுக்கு இப்போது ஊசி என்றால் என்னவென்றே தெரியாது. நாள் தவறாமல் அவள்தான் போடுகிறாள்.

கடையில் நாகூர் மீரான் ஸ்ட்ரோக் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் ரொஸ்னா அங்கே போயிருந்தபோது, வாடிக்கைக்காரர் ஒருவர் தம்பியைப் பற்றி விசாரித்தார். "ஸ்ட்ரோக்லா. விதி, என்னா செய்ய" என்றார் நாகூர் மீரான், குழம்பை ஊற்றிக்கொண்டே.

"ஸ்ட்ரோக் இல்ல மச்சான்" என்றாள் ரொஸ்னா. குரல் கடை முழுக்கக் கேட்டது. "சுகர். சின்ன வயசுலேர்ந்து சுகர். இங்க பின்னால அரிசி மூட்டைக்கு நடுவுல ஒளிஞ்சுக்கிட்டு ஊசி போட்டாங்க. நீங்களும் மறைச்சீங்க, நானும் மறைச்சேன். எல்லாரும் சேர்ந்துதான் இப்படி ஆக்குனோம். இனிமே யாரு கேட்டாலும் சுகர்னு சொல்லுங்க."

யாரும் எழுந்து போகவில்லை. பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். வாடிக்கைக்காரர், "எனக்கும் சுகர்தாம்மா" என்று மட்டும் சொன்னார். இத்தனை வருஷம் எதற்குப் பயந்தோம் என்று ரொஸ்னாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து மன்றத்தைத் திறந்தாள். தன்னுடைய பழைய கேள்விக்குக் கீழேயே எழுதினாள். வணக்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

"இது தீரவில்லை. தீர்ந்தது என்று நான் சொன்னது பொய். தோழி இல்லை, என் கணவர். பெயர் அலாவுதீன். சென்சார் அவர் கையில். எண் நிற்பது என் கைப்பேசியில், தூரத்திலிருந்து பார்ப்பது நான். திரையை அணைத்து வைத்தால் சில மணி நேரத்தில் எண் நின்றுவிடுகிறது, திறந்தால் ஓடுகிறது. நீங்கள் சொன்ன இரண்டு வழியையும் செய்தேன், பலிக்கவில்லை. படம் இதோ, வெட்டாமல். அன்றைய பதிவுகள் முழுவதும் இதோ. எண் ஆறு புள்ளி நாலில் நின்றிருந்தபோது அவருக்கு நினைவு போய்விட்டது. உயிர் இருக்கிறது. அவர் பழையபடி இல்லை."

லாஸ்லோவின் பதில் அன்றைக்கே வந்தது. கோளாறைக் கண்டுபிடித்துவிட்டான். அந்தக் கைப்பேசி, திரை அணைந்திருந்தால் பின்னால் ஓடுகிற செயலிகளைத் தானாகவே நிறுத்திவிடும். அதைத் தடுக்கிற பொத்தான் வேறோர் இடத்தில் ஒளிந்துகிடந்தது. நின்றுபோன எண்ணைச் சாம்பல் நிறத்தில் காட்டாமல் புது எண்ணைப் போலவே காட்டியது செயலியின் தப்பு. அதை அவனே திருத்தி எல்லாருக்கும் அனுப்பினான். கடைசியில் இரண்டு வரி தனியாக இருந்தது.

"பார்க்கிறவரின் கைப்பேசி என்று அன்றே தெரிந்திருந்தால் இது ஒரு மாலை நேர வேலை. ஆகவில்லை என்று நீங்கள் ஏன் சொல்லவில்லை? நான் இங்கேயேதானே இருந்தேன்."

நான் இங்கேயேதானே இருந்தேன். ரொஸ்னா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் சட்டியோடு நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறான். அவள் ஊர்ப் பேச்சு அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். போதும் என்றால் போதும் என்றே எடுத்துக்கொண்டான். அந்தக் கேள்விக்கு அவள் இன்னும் பதில் எழுதவில்லை. என்னவென்று எழுதுவாள்? நீங்கள் இன்னொரு தடவை கேட்பீர்கள் என்று காத்திருந்தேன் என்றா?

உதவி கேட்டு வருகிறவர்களுக்கு மன்றத்தில் இப்போது ஒரு பக்கத்தைக் காட்டுகிறார்கள். கேட்டால் இப்படிக் கேளுங்கள், உள்ளதை உள்ளபடி, வெட்டாமல் என்று. அந்தப் பக்கத்தில் இருப்பது ரொஸ்னாவின் கடைசி மடல்தான். அனுமதி கேட்டார்கள், கொடுத்தாள். ஆனால் அந்தப் பக்கத்தை அவள் ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

வேலையை விட்டுவிட்டாள். வீட்டிலிருந்தபடி தட்டச்சு செய்து கொடுக்க ராமதாஸ் காகிதம் அனுப்புகிறார். மற்ற நேரத்தில் மன்றத்தில் உட்கார்ந்திருக்கிறாள். செயலியைத் திருத்த அவளுக்குத் தெரியாது. கேள்வி கேட்கிறவர்களைப் படிப்பாள், அவ்வளவுதான்.

போன வாரம் கெப்பாலா பத்தாஸிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். பெயர் இஸ்ஸதி. மதிப்புக்குரிய ஐயா, அம்மா என்று தொடங்கியிருந்தது. என் உறவுக்காரருக்கு என்று இருந்தது. படத்தின் மேல்வரி வெட்டப்பட்டிருந்தது. லாஸ்லோ ஒரு வழி சொன்னான். பதில் உடனே வந்தது: செட்டல் சார், மிக்க நன்றி, தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

பச்சைக் குறி விழுமுன் ரொஸ்னா உள்ளே புகுந்தாள். மூடாதீர்கள் என்று லாஸ்லோவுக்கு ஒரு வரி. அப்புறம் அந்தப் பெண்ணுக்கு, மலாய் மொழியில்: "நிஜமாகவே சரியாகிவிட்டதா?"

"ஆமாம் அக்கா. நன்றி."

"இப்போது என்ன எண் காட்டுகிறது?"

"சரியாகத்தான் இருக்கிறது அக்கா. உங்களுக்கெல்லாம் ரொம்பச் சிரமம்."

"எனக்கு ஒரு சிரமமும் இல்லை. இங்கேயேதான் இருக்கிறேன். என்ன எண், எப்போது வந்த எண், சொல்லு."

அனுப்பிவிட்டுக் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் அலாவுதீன் பாதி தின்ற இடியப்பத்தோடு உட்கார்ந்திருந்தான். "பசிக்குதாங்க?" என்று கேட்டாள் ரொஸ்னா. "போதும்" என்றான் சிரித்துக்கொண்டே. பசித்தாலும் போதும், வலித்தாலும் போதும், எதைக் கேட்டாலும் இப்போது அவனிடம் இருக்கிற சொல் அது ஒன்றுதான். அவள் அவன் முகத்தை விட்டுவிட்டு எண்ணைப் பார்த்தாள். நாலு புள்ளி மூன்று, இறங்கிக்கொண்டிருந்தது. தட்டின்மேல் இருந்த அவன் கையை மெல்ல விலக்கிவிட்டு இன்னொரு வாய் ஊட்டினாள். விழுங்கினான்.

அப்போது கைப்பேசி அதிர்ந்தது.

"ஆகல அக்கா" என்று இஸ்ஸதி எழுதியிருந்தாள். "உறவுக்காரர் இல்லை. என் மகள்."